முதலில் ஒரு பட்டியல்

பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "இணையத்தில் இலவசமாக என்னென்னவோ கிடைக்கிறதாமே, எங்கள் நூலகத்துக்கு அதில் எது உதவும்? எதில் தொடங்கலாம்?" இதற்கு ஒரே வரியில் ஒரு செயலியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் பாதியில் நின்றுவிடும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருவியைப் பற்றிப் பேசுமுன் அலமாரியைப் பற்றிப் பேச வேண்டும். பல அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தமிழாசிரியரோ வரலாற்று ஆசிரியரோ தம் பாடவேளைகளுக்கு நடுவே நூலகத்தையும் பார்த்துக்கொள்கிறார். ஆய்வு நாளன்று ஒரு நூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். இருப்புப் பதிவேட்டில் எழுதியிருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒத்துப்போகுமா என்ற ஐயம் அவருக்கு எப்போதும் இருக்கும். அந்த அச்சத்தில் அலமாரி பூட்டியே கிடக்கிறது. நூல்கள் பத்திரமாக இருக்கின்றன, பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே, எந்த இலவசக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இது அந்தப் பூட்டைத் திறக்க உதவுமா என்பதுதான். திறக்க உதவுகிற முதல் கருவி மிக எளிமையானது: எந்த நூல் இருக்கிறது, எங்கே இருக்கிறது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று உடனே சொல்லக்கூடிய ஒரு பட்டியல். இது சரியாக அமைந்துவிட்டால் நூலை வெளியே கொடுக்கத் துணிவு வரும். மற்றக் கருவிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

பட்டியலுக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். இணையம் நம்பகமாக இல்லாத ஊர் என்றால், கணினியிலேயே இயங்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் இருக்கிறது, அதுவும் இலவசம். "நூலகத்துக்கென்றே தனி மென்பொருள் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ஐந்தாயிரம் நூல்கள், நூலுக்குப் பத்துக் கட்டம் என்று வைத்தாலும் மொத்தம் 50,000 கட்டங்கள். கூகுள் ஷீட்ஸ் ஒரு கோப்பில் ஒரு கோடிக் கட்டங்கள் வரை தாங்கும். எந்தப் பள்ளி நூலகமும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை.

என்னென்ன பத்தி வைக்கலாம்? வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், பொருள், பதிப்பகம், ஆண்டு, விலை, எந்த வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றது, எந்த அலமாரி எந்தத் தட்டு, நூலின் நிலை. வரிசை எண்ணாகப் பழைய இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எண் கொடுக்கத் தொடங்கினால் பதிவேடும் பட்டியலும் இரண்டாகப் பிரிந்து, தணிக்கையின்போது பெரும் தொல்லையாகும். காகிதப் பதிவேட்டையும் நிறுத்த வேண்டாம். அலுவலகத்துக்கு அதுதான் ஆவணம். கணினிப் பட்டியல் தேடுவதற்கு.

தமிழ் நூல்களைப் பட்டியலிடும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடினாலும் எதுவும் அகப்படாது. எனவே யூனிகோடில் மட்டுமே தட்டுங்கள். தமிழ்நாடு அரசும் 2010-லேயே யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. முன்பு யாரேனும் பாமினியில் செய்து வைத்த பட்டியல் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி அதை யூனிகோடாக்கித் தரும்.

இரண்டாவது, ஆசிரியர் பெயர். கி.ரா., கி. ராஜநாராயணன், ராஜநாராயணன் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதினால், கணினிக்கு அவர்கள் மூன்று பேர். வாண்டுமாமாவும் கௌசிகனும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும், பட்டியலுக்கு நாம் சொன்னால்தான் தெரியும். ஆசிரியர் பெயர்களுக்கென்று தனியே ஒரு தாள் வைத்து, ஒருவருக்கு ஒரே வடிவம் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். நூல்பட்டியலில் அந்தத் தாளிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி டிராப் டவுன் அமைத்துவிட்டால், யார் தட்டினாலும் பெயர் மாறாது. முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடுங்கள்: "ராஜநாராயணன், கி." அப்போதுதான் அகரவரிசை சரியாக வரும். பெரிய நூலகங்களில் இந்த ஒழுங்குக்கென்றே ஆள் வைத்திருப்பார்கள். நம் பள்ளியில் இந்த ஒரு தாள் அந்த வேலையைச் செய்துவிடும்.

இவ்வளவையும் தட்டுவது யார்? கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையில் ஒலிவாங்கிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி நூலின் பெயரைச் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும். ஒருவர் நூலை எடுத்து வாசிக்க, ஒருவர் பதிய, ஒருவர் எழுத்துப் பிழை பார்க்க என்று பிரித்துக்கொண்டால் வேலை விரைவாக நடக்கும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதை விருப்பத்தோடு செய்வார்கள். அதில் ஒரு கூடுதல் பயன் உண்டு. நூலைக் கையில் எடுத்துப் பெயரை உரக்கச் சொன்ன பிள்ளை, அந்த நூல் அங்கே இருப்பதை மறப்பதில்லை.

புதிய நூல்களின் பின்னட்டையில் பட்டைக்கோட்டோடு ஐ.எஸ்.பி.என். என்ற 13 இலக்க எண் இருக்கும். 2007-க்கு முன்பு அது 10 இலக்கம். 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கினால் அது இந்தியப் பதிப்பகத்துக்குக் கொடுக்கப்பட்ட எண். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் ஓப்பன் லைப்ரரி தளத்தில் இந்த எண்ணைப் போட்டுத் தேடினால், ஆங்கில நூல்களுக்குப் பெரும்பாலும் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் கிடைத்துவிடும். தமிழ் நூல்கள் அதில் குறைவு. பழைய சிறுவர் நூல்கள் பலவற்றுக்கு இந்த எண்ணே கிடையாது. அவற்றைக் கையால்தான் பதிய வேண்டும்.

இந்த எண்ணுக்குள் கணக்கு ஆசிரியருக்கு ஒரு பாடம் இருக்கிறது. இலக்கங்களை வரிசையாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், விடை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 9780306406157 என்ற எண்ணை எடுத்துச் செய்து பாருங்கள், கூட்டுத்தொகை 100 வரும். ஏதாவது ஓர் இலக்கத்தைத் தப்பாகப் பதிந்தால் வகுபடாது, பிழை உடனே தெரிந்துவிடும். கடைசி இலக்கம் இந்தச் சரிபார்ப்புக்கென்றே வைக்கப்பட்டது. நூலகப் பாடவேளையில் ஆளுக்கொரு நூலைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லலாம். எண் சரிதானா என்று பார்த்ததாகவும் ஆயிற்று, கணக்குப் பாடமும் ஆயிற்று.

அடுத்து, நூலை அடுக்குவது. உலகின் பல நூலகங்கள் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பத்துப் பிரிவு முறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று எண். பள்ளிக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. கதை, பாட்டு, அறிவியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு, விளையாட்டு என்று பிரித்து, பிரிவுக்கு ஒரு நிறத்தில் வில்லை ஒட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் தானே தேடி எடுக்கும், தானே திரும்ப வைக்கும். பட்டியலில் அதே நிறத்தைக் குறித்து வையுங்கள்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தைப் பற்றியது, நூலகத்தில் செய்யும் எந்த ஏற்பாடும் அந்த நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று கேட்பது. கணினி நம் ஊர் நூலகங்களை எட்டிப்பார்ப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு சொன்னது இது. இன்றைக்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கவும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. பாடவேளை நாற்பது நிமிடம், அதில் பிள்ளை நூலைத் தேடுகிற நேரம் குறைந்து வாசிக்கிற நேரம் கூடினால் அந்தக் கருவி நமக்கு வேண்டும்.

நூல் கொடுத்து வாங்குவதைத் தனிக் கோப்பில் வையுங்கள். கொடுத்த நாள், நூலின் எண், யாருக்கு, திரும்பிய நாள் என்று நான்கே பத்தி போதும். திரும்பிய நாள் காலியாக இருந்து இரண்டு வாரம் கடந்துவிட்டால் அந்த வரி தானே சிவப்பாகும்படி அமைக்கலாம். கவுண்ட்இஃப் என்ற சூத்திரத்தைப் போட்டால் ஒவ்வொரு நூலும் எத்தனை முறை வெளியே போயிருக்கிறது என்று தெரியும். அதிகம் போன நூலுக்கு இன்னொரு படி வாங்கலாம். ஒரு முறைகூடப் போகாத நூல் எது என்று தெரிவது அதைவிட முக்கியம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் தனிக் கோப்பு? நூல்பட்டியல் எல்லோரும் பார்க்க வேண்டியது, பிள்ளை என்ன வாசிக்கிறது என்பது எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. பட்டியலைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்துப் பகிருங்கள். வழங்கல் கோப்பைப் பொறுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் மட்டும் வைத்திருங்கள். அதிலும் பெயருக்குப் பதிலாக வகுப்பும் வரிசை எண்ணும் போதும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் எல்லாம் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால்தான் வேலை செய்வேன் என்கிற கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் பள்ளி நூலகத்துக்கு வேண்டாம்.

முழுமையான நூலக மென்பொருள் வேண்டும் என்றால் அதிலும் இலவசம் உண்டு. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா, இன்று உலகமெங்கும் பெரிய நூலகங்களிலும் இயங்குகிறது. நம் நாட்டில் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா இருக்கிறது. இரண்டும் திறமானவை. ஆனால் கோஹாவுக்கு சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அந்தச் செலவு இலவசத்தில் அடங்காது. பல பள்ளிகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்புக்கோ கல்லூரிக்கோ அது பொருந்தும். ஒரு பள்ளிக்கு ஷீட்ஸ் போதும். பின்னாளில் மாற வேண்டியிருந்தாலும், ஒழுங்காகச் செய்த பட்டியலைக் கோஹாவுக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

இப்போது வாசிக்கக் கிடைப்பவற்றுக்கு வருவோம். சின்ன வகுப்புகளுக்கு நான் முதலில் சொல்வது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம். படக்கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழிலும் நிறைய உண்டு. பெரும்பாலான கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் குறிப்பிட்டு இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், வகுப்புக்கு ஏற்ப மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். நாலு பக்கக் கதையை அச்சிட்டுத் தைத்து வைத்தால் அலமாரிக்கு ஒரு புதிய நூல். ஆங்கிலக் கதையொன்றை ஒன்பதாம் வகுப்பு தமிழாக்கி, அதை இரண்டாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டலாம்.

பெரிய வகுப்புகளுக்கு மூன்று இடங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த தமிழ் இலக்கியத் தொகுப்பு. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை அங்கே கிடைக்கும், சொல்லைத் தேடவும் முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமாக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஈழத்து எழுத்துக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற தளம். இலங்கையில் வெளியான நூல்கள், இதழ்கள், சிறு வெளியீடுகள் வரை அதில் சேர்த்திருக்கிறார்கள். நம் பள்ளி நூலகங்களில் ஈழத்து நூல்கள் மிகக் குறைவு, அந்தக் குறையைத் தீர்க்க இதுவே வழி.

"வாட்ஸ்அப்பில் வருகிற பி.டி.எஃப். எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமா?" என்ற கேள்வி உடனே வரும். கூடாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1948-இல் மறைந்த புதுமைப்பித்தன் எழுத்தும் 1954-இல் மறைந்த கல்கியின் எழுத்தும் இன்று பொதுவுடைமை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் அப்படியே. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நூலை யாரோ ஸ்கேன் செய்து அனுப்பினால், அது அவருக்கும் பதிப்பகத்துக்கும் நேரடி இழப்பு. தமிழில் எழுதி வாழ்வது கடினமாக இருக்கும்போது பள்ளியே அதைச் செய்யக் கூடாது. எது இலவசம், எது இலவசம்போல் தோன்றுவது என்ற வேறுபாட்டைப் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய இடமும் நூலகம்தான்.

இணையம் விட்டுவிட்டு வருகிற ஊர்களுக்குக் கிவிக்ஸ் என்ற மென்பொருளைத் தவறாமல் சொல்வேன். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையமே இல்லாமல் படிக்கலாம், தேடலாம். இணையம் நன்றாக இருக்கும் ஓரிடத்தில் ஒரு முறை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, ஹைடெக் லேபில் உள்ள கணினிகளில் போட்டுவிடலாம். தேடப் போன பிள்ளை விளம்பரத்திலும் காணொளியிலும் சிக்காது என்பது கூடுதல் நன்மை. சில மாதங்களுக்கு ஒரு முறை புதிய கோப்பை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

க்யூ.ஆர். குறியீடு நம் பாடநூல்கள் வழியாக எல்லோருக்கும் பழகிவிட்டது. அலமாரியில் ஒன்று ஒட்டி, நூல்பட்டியலை அதில் இணைத்துவிட்டால் பெற்றோர் கூட்டத்தன்று வருகிறவர்களும் பார்க்கலாம். இங்கே ஒரு நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். முகவரியை அந்தக் கட்டங்களுக்குள்ளேயே எழுதிவைக்கும் நிலையான குறியீடு ஒரு வகை, அந்த முகவரி இருக்கும்வரை அது வேலை செய்யும். இன்னொரு வகை, முதலில் குறியீடு தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பி வரும். சோதனைக் காலம் முடிந்து பணம் கட்டாவிட்டால் அது நின்றுபோகலாம். அச்சிட்டு ஒட்டிய குறியீடு எல்லாம் வீண். எனவே தயாரிக்கும்போதே நிலையான வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இது எல்லா இலவசக் கருவிக்கும் பொருந்தும். பெருந்தொற்றுக் காலத்தில் பல ஆசிரியர்கள் வகுப்புக்குப் பயன்படுத்திய கூகுள் ஜாம்போர்டு 2024-இன் இறுதியோடு மூடப்பட்டது. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் தன் சேவையை நிறுத்திவிடலாம். ஆகவே எதையும் தொடங்குமுன் மூன்றைப் பாருங்கள். உள்ளே போட்டதை சி.எஸ்.வி. போன்ற பொதுவான வடிவில் வெளியே எடுக்க வழி இருக்கிறதா? பிள்ளைகளின் தனிவிவரம் இல்லாமல் அது வேலை செய்யுமா? நாளைக்கே அது மூடப்பட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? மூன்றுக்கும் நிறைவான பதில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை பட்டியலை இறக்கிப் பள்ளிக் கணினியிலும் பென் டிரைவிலும் சேமித்து வையுங்கள்.

கருவியைவிட ஆள் மாறுவதுதான் நம் பள்ளிகளில் பெரிய ஆபத்து. பொறுப்பாசிரியர் தம் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் தொடங்குவார். பணிமாறுதலில் வேறு ஊருக்குப் போவார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும், அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்குவார் அல்லது தொடங்கவே மாட்டார். ஆகவே கணக்கைப் பள்ளியின் பெயரில், பள்ளி மின்னஞ்சலில் தொடங்குங்கள். கடவுச்சொல் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். எப்படிப் பதிவது என்று ஒரே பக்கத்தில் எழுதி இருப்புப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் போன பிறகும் ஓடுகிற ஏற்பாடுதான் நூலகத்துக்குப் பயன்படும்.

இனி, ஒரு முறைகூட வெளியே போகாத நூல்களுக்கு வருகிறேன். பருவம் முடியும்போது பட்டியலை வடிகட்டிப் பார்த்தால் அவை தனியே தெரியும். அவற்றில் பலவும் நல்ல நூல்களாக இருக்கும். மேல்தட்டில் இருந்ததாலோ, அட்டை மங்கியிருந்ததாலோ, அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாததாலோ தங்கிப்போயிருக்கும். அதிலிருந்து பத்தை எடுத்து வாரம் ஒன்றாக வகுப்பில் முதல் சில பக்கங்களை உரக்க வாசியுங்கள். மீதியைத் தெரிந்துகொள்ள நினைக்கிற பிள்ளைக்கு அப்போதே கொடுத்துப் பதிந்துவிடுங்கள். வாசித்து முடித்த பிள்ளையிடம் ஒரு கூகுள் படிவத்தில் இரண்டே கேள்வி கேட்கலாம்: இதில் உனக்குப் பிடித்தது எது, இதை யாருக்குக் கொடுக்கச் சொல்வாய்? அந்தப் பதிலை அச்சிட்டு நூலின் முதல் பக்கத்தில் ஒட்டினால், அடுத்த பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த சிபாரிசு வேறில்லை.

ஆசிரியரின் பங்கு இல்லாமல் இந்தக் கடைசி வேலை நடக்காது. பட்டியல் நூலைக் காட்டித் தரும், நாம்தான் அதைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். ஆகவே முழு நூலகத்தையும் ஒரே மூச்சில் கணினியில் ஏற்றப் பார்க்காதீர்கள். திங்கட்கிழமை ஓர் அலமாரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள நூல்களைப் பதியுங்கள், நிறவில்லை ஒட்டுங்கள், அந்த அலமாரியை அன்றே திறந்துவிட்டுக் கொடுக்கத் தொடங்குங்கள். அது ஒரு மாதம் ஒழுங்காக ஓடட்டும். அடுத்த அலமாரிக்கு அதற்குள் உங்களுக்கே வழி தெரிந்திருக்கும், பிள்ளைகளும் எப்போது திறப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.